டிவி பெரிசாயிருச்சு, அப்பாயி முகம் எங்கே?

"டிவிடியா? அதெல்லாம் இன்னும் வச்சிருக்கீங்களா? தூக்கிப் போடுங்க தம்பி."

நாவலப்பிட்டி டவுனில் ஒரு கடையில் எனக்குக் கிடைத்த பதில் இது. கடையின் பெயர் வேண்டாம். கம்பளையில் கேட்டிருந்தாலும் கண்டியில் கேட்டிருந்தாலும் இதேதான் வந்திருக்கும். எனக்குக் கடையோடு சண்டை இல்லை, அந்தப் பதிலோடுதான்.

போன தீபாவளிக்கு அக்கா ஒரு 55 இன்ச் டிவி எடுத்துக் கொடுத்தாள். கொழும்பில் வேலை செய்கிறாள், மாதாமாதம் கட்டுகிற கணக்கு. வட்டியோடு சேர்த்தால் இரண்டு லட்சத்தைத் தொடும். 2024 செப்டம்பரில் தீர்மானித்தார்களே 1,350 ரூபா நாட்சம்பளம், அந்தக் கணக்கில் அம்மா கிட்டத்தட்ட 150 நாள் மலைக்குப் போய் முழுப்பேர் போட்டால்தான் இந்த டிவி. எங்கள் லயத்தில் அதைத் தூக்கி வர நான்கு பேர் வந்தார்கள். பார்க்க நாற்பது பேர் வந்தார்கள்.

ராத்திரி எல்லாரும் போன பிறகு, வெளியே நம்ம ஊர் மழை கொட்டிக்கொண்டிருக்க, அம்மா அலமாரியில் இருந்து ஒரு டிஸ்க்கை எடுத்தார். 2008இல் நடந்த அக்காவின் சடங்கு. அதில்தான் அப்பாயி இருக்கிறார். 2013இல் செத்துப்போன அப்பாயிக்கு எங்களிடம் இருப்பது அடையாள அட்டைப் படம் ஒன்று, யாரோ வீட்டுக் கல்யாணத்தில் ஓரமாக நிற்கும் குரூப் போட்டோ ஒன்று, பிறகு இந்த டிஸ்க். அவர் நடக்கிறதும் சிரிக்கிறதும் தட்டைத் தூக்கி வருகிறதும் உலகத்தில் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. பழைய 21 இன்ச் டிவியில் அதை எத்தனையோ தடவை போட்டுப் பார்த்திருக்கிறோம்.

புது டிவியில் அப்பாயி வந்தார். முகம் அகலமாக உப்பியிருந்தது. கன்னத்தில் சுருக்கம் இல்லை, மெழுகு பூசினது போல் வழுவழு. தலையைத் திருப்பும்போது முகம் சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்து, ஒரு கணம் கழித்துத் திரும்ப ஒட்டிக்கொண்டது. கை அசைந்தால் கை ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். "இது அத்த மாதிரியே இல்லடா. நிப்பாட்டு" என்றார்.

அடுத்த நாள் கடைக்குப் போனேன். மேலே சொன்ன பதில் கிடைத்தது. கூடவே ஒரு ஆறுதல்: "நெட் போட்டு யூடியூப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கும்." யூடியூப்பில் எங்க அப்பாயி இல்லை அண்ணே என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

இப்போது நியாயமாகப் பேசுவோம். கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. நம் நாட்டில் ஓடுகிற டிவிடி பால் முறை; ஒரு படத்தில் 720க்கு 576 புள்ளிகள், ஆக மொத்தம் 4,14,720. நீங்கள் வாங்குகிற 4கே டிவியில் 3840க்கு 2160, மொத்தம் 82,94,400. வகுத்துப் பாருங்கள், சரியாக இருபது வரும். அதாவது டிஸ்க்கில் இருக்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் பத்தொன்பது புள்ளிகளை டிவி தானாக யோசித்துப் போடுகிறது. இருபதில் ஒன்றுதான் அப்பாயி, மிச்சம் பத்தொன்பதும் டிவியின் ஊகம். ஊகம் நன்றாக இருந்தால் படம் மென்மையாக, கொஞ்சம் மங்கலாக இருக்கும். மோசமாக இருந்தால் மெழுகுப் பொம்மை.

இன்னொரு கணக்கு இருக்கிறது, அதைக் கடையில் எவரும் சொல்லமாட்டார்கள். சாதாரண நல்ல கண்பார்வை ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறியும். பழைய 21 இன்ச் டிவியின் திரை உயரம் சுமாராக 32 சென்ரிமீற்றர். அதில் 576 கோடுகள் என்றால், ஆறடிக்கு அப்பால் உட்கார்ந்தால் கோடு தெரியாது, படம் மட்டும் தெரியும். 55 இன்ச் திரையின் உயரம் 68 சென்ரிமீற்றருக்கு மேல். அதே 576 கோடுகளை அதில் இழுத்து விரித்தால், கோடு தெரியாமல் இருக்க நீங்கள் பதின்மூன்று அடி தள்ளி உட்காரவேண்டும். வெள்ளைக்காரன் கட்டிய லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. பதின்மூன்றாவது அடிக்குப் போனால் நான் அடுத்த வீட்டுக்காரரின் அடுப்படியில் இருப்பேன்.

இதைச் சிரிக்கச் சொல்லவில்லை. இருநூறு வருஷமாக நம் ஆட்கள் இருக்கிற அறையின் அளவு மாறவில்லை, விற்கிற டிவியின் அளவு மட்டும் வருஷா வருஷம் மாறுகிறது. வீட்டுக்கு எந்த அளவு சரி என்று கேட்கிற விற்பனையாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை. "பட்ஜெட் எவ்வளவு" என்றுதான் கேட்கிறார்கள்.

ஆனால் அந்தப் பாதி உண்மைக்குப் பின்னால் ஒரு முழுப் பொய் ஒளிந்திருக்கிறது. டிவிடி மங்கல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு நாங்கள் பார்த்த அலங்கோலத்துக்கு டிவிடி காரணம் இல்லை. முகம் உப்பினது, மெழுகானது, சீப்புப் பல் வந்தது, எல்லாம் பிளேயருக்கும் திரைக்கும் இடையில் நடந்த வேலை. பெரும்பாலும் ரிமோட்டிலேயே திருத்தக்கூடிய வேலை.

உப்பினதை எடுங்கள். 2008இல் எடுத்த வீடியோ நான்குக்கு மூன்று அளவு, சதுரத்துக்குக் கிட்ட. புது டிவி பதினாறுக்கு ஒன்பது. இரண்டு பக்கமும் கறுப்பு விட்டுக் காட்டவேண்டும். டிவி அப்படிச் செய்யாமல் படத்தை இழுத்து நிரப்பிவிட்டது. மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடுகிறது, மெலிந்த அப்பாயி குண்டாகிறார். ரிமோட்டில் பிக்சர் சைஸ் என்று இருக்கும், நான்குக்கு மூன்றை வையுங்கள். "கறுப்பு வருதே, காசு குடுத்து வாங்கின டிவியில பாதி வீணாகுதே" என்று மாமா ஒருவர் சண்டைக்கு வந்தார். வீணாகிறது காலி இடம், மாமா. அந்த இடத்தை நிரப்ப அப்பாயியை இழுக்கவேண்டாம்.

மெழுகு பூசினது "நொய்ஸ் ரிடக்ஷன்" வேலை. படத்தில் இருக்கும் புள்ளிப் புள்ளியான இரைச்சலை அழிக்கிறேன் என்று சுருக்கத்தையும் சேர்த்து அழித்துவிடும். அதற்கு எது இரைச்சல், எது கிழவியின் கன்னம் என்று தெரியாது. அழித்த பிறகு, ஐயோ மங்கிப்போச்சே என்று "ஷார்ப்னஸ்" வந்து ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு இழுக்கும். ஒருவன் அழிக்க, இன்னொருவன் கீற! இரண்டையும் குறையுங்கள். ஷார்ப்னஸைப் பூச்சியத்துக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். முதலில் மங்கலாகத் தெரியும், ஐந்து நிமிஷத்தில் கண் பழகிவிடும்.

பிறகு அந்த வழுக்கி வழுக்கி ஓடுகிற அசைவு. படத்துக்கும் படத்துக்கும் நடுவில் இல்லாத படங்களை டிவி தானே செய்து சொருகுகிறது. ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு பெயர்: எல்ஜியில் ட்ரூமோஷன், சொனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ். கிரிக்கெட் பார்க்க நன்றாக இருக்கும். சினிமாவை மத்தியான சீரியலாக்கிவிடும். 2018 டிசம்பரில் டொம் குரூஸே கமெரா முன்னால் வந்து, தயவுசெய்து வீட்டு டிவியில் இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று கெஞ்சினார். அடுத்த வருஷம் டிவி உற்பத்தியாளர்களும் ஸ்டூடியோக்களும் சேர்ந்து "ஃபில்ம்மேக்கர் மோட்" என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதைப் போட்டால் இந்தக் கைவேலை எல்லாம் நிற்கும். யோசித்துப் பாருங்கள்: படத்தை எடுத்தவன் எடுத்தபடி காட்டுவதற்கு ஒரு தனி பொத்தான் வைக்கவேண்டிய நிலைமை. ஏன் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே அப்படி வருவதில்லை? கடையில் பக்கத்து டிவியைவிடப் பளிச்சென்று தெரிய வேண்டும், அதனால். கடையில் ஓடுகிற மக்காவ் கிளியும் தேன் சொட்டும் 4கேயிலேயே எடுத்தவை. அந்த ஷோரூம் வெளிச்சத்துக்காக வைத்த செட்டிங் நம்ம காம்பராவுக்கு வந்து, நாற்பது வாட்ஸ் பல்பு வெளிச்சத்தில், சடங்கு வீடியோவின் மேல் வேலை செய்கிறது.

வயர் விஷயத்தில் நான் குற்றவாளி. பழைய பிளேயரின் மஞ்சள் வயரையே, டிவியோடு வந்த சின்ன அடாப்டரில் சொருகினேன். மஞ்சள் வயர் என்பது வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்புவது. மறுமுனையில் டிவி அதைப் பிரிக்கப் பார்த்துத் தோற்கிறது; கட்டம் போட்ட சட்டையில் வானவில் ஓடுவது, சிவப்புச் சேலையின் ஓரம் எறும்பு ஊர்வது எல்லாம் இதனால். பிளேயருக்குப் பின்னால் பாருங்கள், எச்டிஎம்ஐ துளை இருந்தால் அந்த வயரைப் போடுங்கள். இல்லையென்றால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் இருக்கிறதா, டிவியிலும் அதை வாங்குகிற இடம் இருக்கிறதா பாருங்கள், அதுவும் மஞ்சளைவிட எவ்வளவோ மேல். கடையில் தருகிற மலிவுக் கன்வேட்டர் பெட்டியை நம்பாதீர்கள். அது மஞ்சள் வயரின் எல்லாக் குறையையும் எச்டிஎம்ஐக்குள் ஏற்றிவிடும், அதோடு படத்தையும் இழுத்துவிடும். அந்தப் பெட்டிக்கு நான் 1,800 ரூபா கொடுத்தேன். வேண்டுமானால் இலவசமாகத் தருகிறேன்.

சீப்புப் பல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பழைய டியூப் டிவி வினாடிக்கு ஐம்பது தடவை அரைப்படம் அரைப்படமாக வரையும்: ஒரு தடவை ஒற்றைக் கோடுகள், மறு தடவை இரட்டைக் கோடுகள். நம்ம கண் அதைச் சேர்த்துக்கொள்ளும். வீடியோ கமெராவும் அப்படித்தான் பிடித்தது. தட்டை டிவிக்கு அரைப்படம் வரையத் தெரியாது, இரண்டையும் சேர்த்து ஒரே தடவையில் காட்டும். இடைப்பட்ட ஐம்பதில் ஒரு வினாடியில் அப்பாயியின் கை நகர்ந்திருக்கும், அதுதான் பல். இந்தச் சேர்க்கும் வேலையை பிளேயரும் செய்யலாம் டிவியும் செய்யலாம். எங்கள் வீட்டில் பிளேயரை "ப்ரொக்ரசிவ்" இல்லாமல் சாதாரணத்தில் விட்டு டிவியிடம் வேலையைக் கொடுத்தபோது பல் காணாமல் போனது. உங்கள் வீட்டில் தலைகீழாகவும் இருக்கலாம். இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள்.

பிளேயரின் செட்டப் மெனுவுக்குள் போனதும் இன்னொன்று பிடிபட்டது. "டிவி டைப்" என்ற இடத்தில் இன்னும் நான்குக்கு மூன்று லெட்டர்பாக்ஸ். டியூப் டிவி காலத்தில் வைத்தது. அகலத்திரை டிஸ்க் போட்டால் பிளேயர் 576 கோட்டை 432 ஆகக் குறைத்து அனுப்புகிறது, டிவி அதைத் திரும்பப் பெரிதாக்குகிறது. கால் பங்கு படத்தை நாமே குப்பையில் போட்டுவிட்டு "டிவிடி கிளியர் இல்ல" என்கிறோம். பதினாறுக்கு ஒன்பதுக்கு மாற்ற எனக்குப் பத்து விநாடி பிடித்தது. நம்ம தோட்டத்தில் எத்தனை வீட்டில் இது இன்னும் மாறாமல் இருக்கிறதோ!

இதெல்லாம் செய்த பிறகு, அப்பாயி திரும்பி வந்தார். மங்கலாகத்தான். ஆனால் அப்பாயியாக. அம்மா நாற்காலியைக் கதவுப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

ஆக, யூடியூப் பாருங்க என்ற அந்த ஆறுதல் யாருக்கு வசதி என்று யோசிக்கவேண்டும். பத்து நிமிஷம் ரிமோட்டோடு உட்கார்ந்து சொல்லித் தர ஒருவரும் இல்லை. பழசைத் தூக்கிப் போடச் சொல்வது சுலபம். போட்டால் புதிதாக ஒன்று விற்கலாம்.

சரி, கடையைத் திட்டியாயிற்று. அடுத்தது நம்ம ஆட்கள்.

நண்பர்களே, நம்மில் பலர் படம் பற்றி எழுதுகிறோம். "ஒளிப்பதிவு சுமார்", "இருட்டுக் காட்சிகளில் தெளிவில்லை" என்றெல்லாம் எழுதுகிறோம். எதைப் பார்த்து எழுதுகிறோம்? ஒரு டிஸ்க்கில் ஆறு படம் என்று பஸ் ஸ்டாண்டில் விற்றதைப் பார்த்து. இப்போது அதே பிரதி பென் டிரைவில் வருகிறது, டெலிகிராமில் வருகிறது. வழி மாறினாலும் சரக்கு அதேதான். ஒற்றை அடுக்கு டிவிடியில் கொள்ளளவு 4.7 ஜிகாபைட். இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை மட்டும் போட்டால் வினாடிக்கு நான்கு மெகாபிட்டுக்கு மேல் கிடைக்கும், கௌரவமான படம் வரும். ஆறு படத்தைத் திணித்தால் பதினைந்து மணி நேரம், வினாடிக்கு 0.7 மெகாபிட், அதுவும் சத்தத்தோடு சேர்த்து. டிவிடிக்கு முந்தின விசிடியில்கூடப் படத்துக்கு மட்டும் 1.15 மெகாபிட் இருந்தது. அதாவது ஆறு-பட டிவிடி என்பது விசிடியைவிடக் கஞ்சத்தனமான சரக்கு.

சுருக்கும்போது முதலில் பலியாவது இருட்டு. கறுப்புக்குள் இருக்கும் கறுப்பு வித்தியாசங்களை எல்லாம் ஒரே கட்டமாக்கிவிடும். இப்போது 1987இன் நாயகனை நினைத்துப் பாருங்கள், பி.சி. ஸ்ரீராம் நிழலை வைத்து வேலை செய்த படம், அதற்குத் தேசிய விருது வாங்கியவர். அல்லது 1979இல் அசோக்குமார் எடுத்த உதிரிப்பூக்கள். அவற்றை ஆறில் ஒன்றாக, 55 இன்ச்சில், விவிட் மோடில், மோஷன் போட்டுப் பார்த்துவிட்டு "இன்றைக்குப் பார்க்க டெக்னிக்கலா பழசாத் தெரியுது" என்று எழுதினால், நாம் விமர்சிப்பது அசோக்குமாரையா, பஸ் ஸ்டாண்ட் தம்பியின் கம்ப்யூட்டரையா? எந்தப் பிரதியில் பார்த்தேன், எந்தத் திரையில் பார்த்தேன் என்று இனிமேல் விமர்சனத்தின் முதல் வரியில் எழுதுவோம். நானும்தான். பழைய கட்டுரை ஒன்றில் நான் இதே தவறைச் செய்திருக்கிறேன். எந்தக் கட்டுரை என்று தேடவேண்டாம்.

பஸ் ஸ்டாண்ட் தம்பியைத் திட்டவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் இல்லாவிட்டால் எங்கள் தோட்டத்துக்கு மகேந்திரன் வந்தே இருக்கமாட்டார். கள்ளப் பிரதி என்று மூக்கைப் பிடிக்கிறவர்கள், ஒரிஜினல் வாங்க நாவலப்பிட்டியில் எந்தக் கடை இருந்தது என்று சொல்லிவிட்டுப் பிடிக்கட்டும்.

நமக்கு மூலம் என்று ஒன்று இருந்ததே குறைவு. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவை எரித்தபோது படச்சுருள்களும் எரிந்தன. 1975இல் வி.பி. கணேசன் புதிய காற்று எடுத்தார், மலையகத்து ஆட்களைத் திரைக்குக் கொண்டுவந்த படம். நம் வயதுக்காரர்களில் எத்தனை பேர் அதை ஒழுங்கான பிரதியில் பார்த்திருக்கிறோம்? எரித்தவனைப் பற்றி நாம் சரியாகவே பேசுகிறோம். ஆனால் எரிக்காமலே அழிகிறதைப் பற்றிப் பேசுவதில்லை. அலமாரியில், பூஞ்சணம் பிடித்த பிளாஸ்ரிக் உறைக்குள், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சின்னத் திரைப்படக் காப்பகம் இருக்கிறது. கல்யாணம், சடங்கு, தேர், காமன் கூத்து, கருமாதி. லயத்துச் சனங்கள் அசைந்து பேசி நடந்த பதிவு 1990களுக்கு முன் எங்கே இருக்கிறது? துரைமார் எடுத்த போட்டோவில் கொழுந்துக் கூடையோடு நிற்கிறார்கள், அவ்வளவுதான். நாமே காசு கொடுத்து, நம் ஆளைக் கூப்பிட்டு, நம்மை எடுக்கச் சொன்னது இந்த வீடியோக்கள்தான் முதல் தடவை. அதைத்தான் "தூக்கிப் போடுங்க" என்கிறார்கள்.

வீட்டில் எழுதின டிஸ்க்கில் படம் இருப்பது ஒரு சாயத்தில். வெயிலும் ஈரமும் அந்தச் சாயத்துக்கு ஆகாது. கடையில் அச்சடித்து விற்கிற டிஸ்க் அப்படி இல்லை. நாவலப்பிட்டியில் வெயில் பிரச்சினை குறைவு. ஈரத்தைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. போன நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது எங்கள் மேல் டிவிஷனில் சனங்கள் அடையாள அட்டையையும் போனையும் எடுத்துக்கொண்டு ஸ்கூலுக்கு ஓடினார்கள். அல்பமும் டிஸ்க்கும் எவரும் எடுக்கவில்லை. எடுக்க நேரம் இருக்கவில்லை.

வீடியோக்கார அண்ணன்மார்களிடம் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது, அதை மரியாதையோடு சொல்கிறேன். எங்கள் சடங்கு வீடியோ மூன்றரை மணி நேரம். ஒரே டிஸ்க்கில் அடைத்தார்கள், வினாடிக்கு மூன்று மெகாபிட்தான் தேறியது. அவர்கள் பிடித்த சின்ன டிவி டேப்பில் அது வினாடிக்கு 25 மெகாபிட். டிவிடி சுருக்கும் முறை கெட்டிக்காரத்தனமானது, அதனால் எட்டில் ஒரு பங்கு தரம் என்று அர்த்தமில்லை; ஆனால் அப்பாயி திரும்பும்போது முகம் கட்டமாக உடைகிறதே, அது எந்த ரிமோட்டாலும் திருந்தாது, அது டிஸ்க்கிலேயே அப்படித்தான் இருக்கிறது. இரண்டு டிஸ்க்கில் போட்டிருந்தால் இரட்டிப்புக் கிடைத்திருக்கும். ஒரு வெற்று டிஸ்க்கின் காசு! ரோஜாப்பூ விரிந்து அதற்குள் அக்கா முகம் வருவதற்கும், இதயம் இரண்டாகப் பிளப்பதற்கும் எவ்வளவு நேரம் செலவழித்திருக்கிறார்கள்.

அதைவிடப் பெரியது சத்தம். அப்பாயி பந்தலில் உட்கார்ந்து யாரிடமோ எதையோ சொல்கிறார், கை ஆட்டி, சிரித்து, நீளமாக. நமக்குக் கேட்பது ஒரு சினிமாப் பாட்டு. மூலச் சத்தத்தை வெட்டிவிட்டுப் பாட்டைப் போட்டிருக்கிறார்கள். மூன்றரை மணி நேரத்தில் அப்பாயியின் குரல் ஒரு இடத்தில்கூட இல்லை. நான் அதை முழுதாக இரண்டு தடவை பார்த்துத் தேடினேன்.

இன்றைக்கும் கல்யாண வீடியோ இப்படித்தான் வருகிறது. டிஸ்க்குக்குப் பதில் பென் டிரைவ், ரோஜாப்பூவுக்குப் பதில் ட்ரோன். பேச்சு இன்றைக்கும் இல்லை, பாட்டுத்தான். வீடியோவுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே, வெட்டாத மூலம் முழுதையும் சத்தத்தோடு ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வேண்டும் என்று கேளுங்கள். கூடக் காசு கேட்டால், மேடை அலங்காரத்தில் குறைத்து அதைக் கொடுங்கள்.

கடைசியாக ஏஐ. கண்டிப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் "பழைய வீடியோவை 4கே ஆக்கித் தாரோம்" என்றார்கள். சாம்பிளுக்கு அரை நிமிஷம் செய்து காட்டினார்கள். என்ன தெளிவு! புருவ முடி ஒவ்வொன்றும் தெரிந்தது. ஆனால் அந்தப் புருவம் அப்பாயியுடையது இல்லை. மூக்குத்தி காணாமல் போயிருந்தது, காது வளர்த்த துளை மூடியிருந்தது. அறுபது வருஷம் மலையில் கொழுந்து பறித்த முகத்துக்குப் பதிலாக யாரோ ஒரு விளம்பரப் பாட்டி சிரித்தார். 2024இல் ஜேம்ஸ் கமெரூனின் ட்ரூ லைஸ் 4கேயில் வந்தபோது முகங்கள் மெழுகாயிருக்கு என்று வெளிநாட்டு ரசிகர்கள் சத்தம் போட்டார்கள். அவர்களுக்கு ஃபில்ம் நெகட்டிவ் இருக்கிறது, திரும்பச் செய்யலாம். எங்களுக்கு இந்த 4,14,720 புள்ளிதான். இதில் இல்லாததைக் கம்ப்யூட்டர் எங்கிருந்து எடுக்கும்? வேறு எவருடைய பாட்டியிடம் இருந்தோதான். அம்மாவிடம் அந்தச் சாம்பிளைக் காட்டவில்லை.

உங்கள் வீட்டு டிஸ்க்கைக் காப்பாற்ற மந்திரம் ஒன்றும் இல்லை. மெல்லிய துணியால் நடுவில் இருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். டிவிடி டிரைவ் உள்ள பழைய லெப்டொப் ஒன்றில் போட்டு முழு டிஸ்க்கையும் ஐஎஸ்ஓவாக எடுங்கள், அல்லது வீடியோ டிஎஸ் என்ற ஃபோல்டரை அப்படியே கொப்பி பண்ணுங்கள். எம்பி4 ஆக மாற்றி மூலத்தை அழிக்காதீர்கள். மாற்றும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகும். வட்ஸ்அப்பில் அனுப்பி "சேவ் ஆயிருச்சு" என்று நினைத்தால் அதைவிடத் தற்கொலை இல்லை, அது இன்னும் நசுக்கும். இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று வேறு ஊரில். எங்கள் தோட்டத்தில் இதுவரை பதினொரு வீட்டு டிஸ்க் எடுத்துவிட்டேன், நான்கு டிஸ்க் வாசிக்கவே இல்லை.

இனி என் சொந்த விஷயம். சடங்கை எடுத்த அண்ணனைத் தேடிப் பிடித்துவிட்டேன். தொழிலை விட்டுவிட்டார், இப்போது ஓட்டோ ஓட்டுகிறார். டேப்புகள் ஒரு மரப்பெட்டியில் இருக்கிறதாம், சிலதன் மேல் பிறகு வேறு கல்யாணம் பதிந்திருப்பாராம், எது என்று அவருக்கு ஞாபகம் இல்லை. வந்து பாருங்க என்றார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். கமெராவை அவரே தருகிறார். ஃபயர்வயர் துளை உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும், வயரோடு. கம்பளையில் இருந்து ஹட்டன் வரைக்கும் எங்கே இருந்தாலும் வந்து எடுத்துக்கொள்கிறேன்.